தடுப்புச் சுவரும் ஒரு பத்திரத்தாளும்

டிஸ்கி: நான் வக்கீலும் இல்லை, சிவில் இஞ்சினியரும் இல்லை. பொட்டி தட்டுறவன். இதைப் படிச்சுட்டு யாரும் கடப்பாரையோட கிளம்பிடாதீங்க. உங்க ஊர் மண்ணை நேர்ல பார்த்து ஒரு சிவில் இஞ்சினியர் சொல்றதுதான் உங்களுக்கு வேதவாக்கு.

மென்பொருள் நிறுவும்போது ஒரு நீளமான ஒப்பந்தம் வரும். யாருமே படிக்காம "சம்மதம்"னு ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் போயிடுவோம். அதோட சாராம்சம் என்னன்னா, "இது இருக்கிறபடி இருக்கு. வேலை செஞ்சா சந்தோஷம். செய்யலைன்னா எங்களைக் கேக்காதே." நாங்க எல்லாம் இஞ்சினியர்னு விசிட்டிங் கார்டுல போட்டுக்கறோம். ஆனா நாங்க செய்யற பொருளுக்கு நாங்களே கொடுக்கிற உத்தரவாதம் இவ்வளவுதான் :-)

வீடு கட்டுறவங்களுக்கு இந்தச் சலுகை எந்தக் காலத்துலயும் கிடையாது. சுமார் 3,750 வருஷத்துக்கு முன்னாடி பாபிலோன்ல ஹமுராபின்னு ஒரு ராஜா கல்லுல சட்டம் செதுக்கி வெச்சார். கட்டின வீடு இடிஞ்சு வீட்டுக்காரன் செத்தா, கட்டினவனுக்கு மரண தண்டனை. சுவர் சாய்ஞ்சா கட்டினவன் சொந்தக் காசுல சரி பண்ணித் தரணும். முதல் விதி கொடூரம், ஒத்துக்கறேன். ரெண்டாவது விதியை நம்ம ஊர் காண்ட்ராக்டர்கிட்ட சொல்லிப் பாருங்க, ஹமுராபி எந்த ஊர் ஆளுன்னு கேப்பார்.

சரி, மேட்டருக்கு வரேன். எங்க ஊர் அரவேணு. கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் இறங்குற ரோட்டுல வரும். பஸ்ல போனவங்களுக்குத் தெரியும், ரோட்டுக்கு மேலயும் கீழயும் தேயிலை, நடுவுல படிக்கட்டு மாதிரி வீடுங்க. எங்க வீடும் அப்படி ஒரு படி. எங்க வாசல் மட்டத்துக்குப் பத்தடி கீழே அடுத்த வீட்டோட பின்கட்டு. அங்கே ஒரு அக்கா, எஸ்டேட்டுக்குக் கொழுந்து பறிக்கப் போறவங்க, ரெண்டு பசங்களோட இருக்காங்க. நடுவுல இருந்த மண்திட்டு ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமா சரிஞ்சுட்டே வந்துச்சு. அங்கே ஒரு தடுப்புச் சுவர் கட்டணும். நீளம் 12 மீட்டர், உயரம் 3 மீட்டர்.

அப்பா உடனே அவரோட பழைய சிநேகிதர் மேஸ்திரியைக் கூப்பிட்டார். எனக்கு அவர் மாமா. முப்பது வருஷமா இந்தப் பக்கம் பாதி வீடு அவர் கட்டினதுதான். டீ குடிச்சுட்டே வாயாலயே கணக்குப் போட்டு ஒரு தொகை சொன்னார். அப்பா தலையாட்டிட்டார். ஒப்பந்தம் முடிஞ்சுது!

நான்தான் நடுவுல புகுந்து, "மாமா, ஒரு சிவில் இஞ்சினியர்கிட்ட டிசைன் வாங்கி, பத்திரத்தாள்ல எழுதிக்கலாமே"ன்னேன்.

வீடே அமைதியாயிடுச்சு. மாமா டீ கிளாஸைப் பார்த்துட்டே இருந்தார். அவர் போனதும் அப்பா சொன்னது: "உனக்கு நடைவண்டி செஞ்சு கொடுத்த மனுசன்டா. அவர்கிட்ட போய்ப் பேப்பர்ல கையெழுத்துப் போடுங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறது?"

இதுக்கு என்கிட்ட உடனே பதில் இல்லை. ஆனா பயம் இருந்துச்சு. அதுக்குக் காரணம் இருக்கு.

மலை சொன்ன கணக்கு

2024 பிப்ரவரி 7. ஊட்டி பக்கத்துல லவ்டேல். ஒரு வீட்டு வேலைக்காகத் தடுப்புச் சுவர் கட்ட அடியில மண் தோண்டிட்டிருந்தாங்க. மேலே இருந்த பழைய பொதுக் கழிப்பிடக் கட்டடமும் மண்ணும் அப்படியே அவங்க மேல வந்து விழுந்துச்சு. ஆறு பேர் செத்துப்போனாங்க. ஆறு பேரும் கூலி வேலைக்கு வந்த பொம்பளைங்க. போலீஸ் வழக்குப் போட்டுக் கைது நடவடிக்கையும் எடுத்தாங்க.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. சுவர் கட்டினதுக்கப்புறம் விழலை, கட்டறதுக்காகத் தோண்டும்போதே போச்சு. மலைச்சரிவுல ரொம்ப ஆபத்தான நேரம், பழைய தாங்கல் போய்ப் புதுத் தாங்கல் வராத அந்தச் சில நாள்தான். அது பிப்ரவரி மாசம் வேற, மழைக்காலம்கூட இல்லை.

மழைக்காலம்னா கேக்கவே வேண்டாம். 2009 நவம்பர்ல நான் ஸ்கூல் படிச்சுட்டிருந்தேன். கேத்தியில ஒரே நாள்ல 82 செ.மீ. மழை. குன்னூர், கோத்தகிரி, ஊட்டின்னு மாவட்டம் முழுக்க மண்சரிவு, 40 பேருக்கு மேல உயிரிழப்பு. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 91 செ.மீ. மேற்குப் பக்கம் அவலாஞ்சி, கூடலூருக்குத் தென்மேற்குப் பருவமழை. கிழக்கால இருக்கிற எங்க பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் எமன்.

நீலகிரியில அடியில இருக்கிறது சார்னோகைட்னு கெட்டியான பாறை. ஆனா அதுக்கு மேல லட்சக்கணக்கான வருஷமா மக்கிப்போன செம்மண், சில இடத்துல பல மீட்டர் ஆழத்துக்கு. காய்ஞ்சிருக்கும்போது அதைச் செங்குத்தா வெட்டினாலும் நல்ல பிள்ளை மாதிரி நிக்கும். அதைப் பார்த்துதான் எல்லாரும் ஏமாறுவாங்க. தண்ணி இறங்கிட்டா அதோட குணமே வேற.

எவ்வளவு வேறன்னு ஒரு கணக்குப் போட்டேன். முதல் வருஷம் எல்லா டிபார்ட்மெண்டுக்கும் இஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் வெச்சாங்களே, அப்ப "கம்ப்யூட்டர் படிக்கறவனுக்கு இது எதுக்கு?"ன்னு வகுப்பே புலம்பினோம் :-)

3 மீட்டர் உயரச் சுவர். பின்னாடி மண் காய்ஞ்சிருந்தா, ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் அது சுவரைத் தள்ளுற விசை சுமார் 2.7 டன். அதே மண்ணுல தண்ணி முழுசா ரொம்பி வெளியே போக வழியில்லாம நின்னா, தண்ணி மட்டும் 4.5 டன் தள்ளும், மண்ணோட பங்கையும் சேர்த்தா சுமார் 5.8 டன். ரெண்டு மடங்குக்கும் மேல! எங்க 12 மீட்டர் சுவருக்கு, வெயில் நாள்ல 32 டன், அடைமழை நாள்ல 70 டன். லோடு ஏத்தின பத்து டன் லாரி ஏழு, வரிசையா நின்னு கீழ் வீட்டு அக்கா சமையல்கட்டைப் பார்த்துத் தள்ளுற மாதிரி.

இன்னொரு விஷயம். உயரம் ரெண்டு மடங்கானா தள்ளுவிசை நாலு மடங்கு ஆகும், சுவரைக் கவுக்கிற திருப்புத்திறன் எட்டு மடங்கு ஆகும். "பத்தடிக்குக் கட்டினோமே, அதே மாதிரி இருபதடிக்குக் கட்டிடலாம்"ங்கிறது அனுபவக் கணக்குல சரியாத் தெரியும், பௌதிகம் ஒத்துக்காது.

இதுக்கு மருந்து ரொம்பச் சாதாரணம். சுவர்ல வரிசையா ஓட்டை, அதான் வீப் ஹோல். சுவருக்குப் பின்னாடி ஒரு அடுக்கு ஜல்லி, மண் போய் ஓட்டையை அடைக்காம இருக்க. மேலே மழைத்தண்ணியை மறிச்சு வேற பக்கம் திருப்ப ஒரு வாய்க்கால். அஸ்திவாரம் போட்டு நிரப்பின மண்ணுல உக்காராம, வெட்டுப்படாத கெட்டி மண்ணுல உக்காரணும். மலைப்பகுதித் தடுப்புச் சுவருக்குன்னே ஐ.எஸ். 14458னு இந்தியத் தர நிர்ணயம் 1990கள்லயே வந்திருக்கு. மேட்டை வெட்டின பக்கம் தாங்கற சுவர் வேற, பள்ளத்தை நிரப்பின பக்கம் தாங்கற சுவர் வேறன்னு பிரிச்சே சொல்லுது. தோண்டற வேலைப் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 3764 தனியா இருக்கு.

இதெல்லாம் சுவர் கட்டி முடிச்சதும் கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம். பின்னாடி ஜல்லி போட்டாங்களா, மண்ணைத் தள்ளி மூடினாங்களான்னு அடுத்த கார்த்திகை வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதனாலதான் எழுதி வெக்கணும்னு எனக்குத் தோணுச்சு.

சட்டம் என்ன சொல்லுதுன்னா

ரெண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துப் படிச்சதோட சுருக்கம் இது.

அண்டை நிலம்: 1882-ல வந்த வசதியுரிமைச் சட்டத்துலயே இருக்கு. என் நிலத்துக்குப் பக்கத்து மண் இயற்கையா கொடுக்கிற தாங்கல் எனக்கு உரிமை. பக்கத்துக்காரர் தன் நிலம்தானேன்னு என் நிலம் சரியற மாதிரி வெட்ட முடியாது. அப்ப மேல இருக்கிற நாங்க எங்க மண்ணைக் கீழ்வீட்டு மேல தள்ளாம பார்த்துக்கறதும் தர்மம் மட்டுமில்லை.

நஷ்டஈடு: எழுதினாலும் எழுதாட்டியும் வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். 1872 ஒப்பந்தச் சட்டத்துல 73ஆவது பிரிவுப்படி மீறினவர் நஷ்டத்தை ஈடுகட்டணும். ஆனா எதை மீறினார்னு நிரூபிக்கணுமே? "ஜல்லி போடறேன்னு சொன்னார்", "நான் சொல்லவே இல்லை"ன்னு ரெண்டு பேரும் கோர்ட்டுல சத்தியம் பண்ணிட்டு நிக்க வேண்டியதுதான்.

நுகர்வோர் சட்டம்: வீடு கட்டித் தர்றதும் ஒரு "சேவை"ன்னு 2019 சட்டத்துல வெளிப்படையாவே இருக்கு. ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கணும்.

ரெரா: 2016-ல வந்த இந்தச் சட்டத்துல, வீட்டை ஒப்படைச்ச நாள்ல இருந்து அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறை வந்தா பில்டர் செலவில்லாம சரி பண்ணித் தரணும்னு இருக்கு. சூப்பர்ல? ஆனா அது ஃபிளாட் கட்டி விக்கிற புரமோட்டருக்கு. நம்ம இடத்துல நாமே மேஸ்திரி வெச்சுக் கட்டிக்கிற வீட்டுக்குப் பொருந்தாது. அந்த அஞ்சு வருஷத்தை நாமதான் பேப்பர்ல எழுதி வாங்கிக்கணும்.

கிரிமினல்: அஜாக்கிரதையால உயிர் போனா, முன்னாடி இந்திய தண்டனைச் சட்டம் 304-ஏ, அதிகபட்சம் ரெண்டு வருஷம். 2024 ஜூலை 1-ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா 106, அதிகபட்சம் அஞ்சு வருஷம். உயிர் போகும்னு தெரிஞ்சே செஞ்சதா நிரூபணமானா 105ஆவது பிரிவு, பத்து வருஷம் வரைக்கும் போகலாம்.

நீலகிரிக்குன்னு தனி: மலை ஊர்களுக்குக் கட்டட விதிகள் 1993-ல தனியா வந்துச்சு. கட்டட உயரம் 7 மீட்டருக்கு மேல போகக்கூடாதுங்கிறது எங்க ஊர்ல சின்னப் பையனுக்கும் தெரியும். ஜேசிபி இறக்கி மண் வெட்டவும் நிர்வாக அனுமதி வேணும். "ராத்திரி ரெண்டு மணி நேரம் வண்டியை விட்டா முடிஞ்சுடும்"னு சொல்ற ஆளுங்க எல்லா ஊர்லயும் உண்டு, அவங்ககிட்ட இருந்து எஸ்கேப் ஆகறது நல்லது.

இந்தச் சட்டம் எல்லாம் பெரும்பாலும் விழுந்ததுக்கப்புறம்தான் வேலை செய்யுது. மவுலிவாக்கத்துல 2014 ஜூன் 28 அன்னிக்கு 11 மாடிக் கட்டடம் மழையில சரிஞ்சு 61 பேர் செத்தாங்க. அனுமதி வாங்கின கட்டடம்தான் அது. பக்கத்துல நின்ன ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-ல வெடி வெச்சுத் தகர்த்தாங்க. அனுமதிங்கிறது பேப்பர்ல இருக்கிற படத்துக்கு. தரையில என்ன நடக்குதுங்கிறது வேற கதை.

அமெரிக்காவுல கன்சாஸ் சிட்டியில 1981-ல ஹயாட் ஹோட்டல் நடைபாலங்கள் விழுந்து 114 பேர் செத்ததைப் படிச்சிருப்பீங்க. மேல் பாலத்தையும் கீழ் பாலத்தையும் ஒரே நீளக் கம்பியில தொங்கவிடறதா முதல்ல டிசைன். செய்யறதுக்குக் கஷ்டம்னு அதை ரெண்டு கம்பியா மாத்தினாங்க. பார்க்க ஒண்ணுதான். ஆனா மேல் பால இணைப்புல சுமை ரெண்டு மடங்காயிடுச்சு. மாத்தினதுக்கு யாரும் மறுபடி கணக்குப் போடலை. பொறுப்பு இஞ்சினியர்களோட லைசென்ஸ் போச்சு. "சின்ன சேஞ்சுதான் பாஸ், டெஸ்டிங் வேண்டாம்"னு டேமேஜர் சொல்றது ஞாபகம் வருதா? எனக்கு வந்துச்சு.

மாமா போட்ட கண்டிஷன்

கோயமுத்தூர்ல சிவில் இஞ்சினியரா இருக்கிற என் கல்லூரி நண்பன் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து மண்ணைப் பார்த்தான். குழி வெட்டிப் பார்த்து, டிசைன் போட்டுக் கொடுத்தான். அதை எடுத்துட்டு மாமா வீட்டுக்கு நான் மட்டும் போனேன்.

"மாமா, உங்க மேல நம்பிக்கை இல்லைன்னு இல்லை"ன்னு ஆரம்பிச்சேன்.

அவர் கையமர்த்தினார். "லவ்டேல்ல நடந்ததைப் பார்த்ததுல இருந்து எனக்கே தூக்கம் வரலை கண்ணு. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா போலீஸ் முதல்ல வர்றது என் வாசலுக்குத்தான். வீட்டுக்காரங்க, நாங்க என்னங்க கண்டோம், மேஸ்திரி சொன்னபடிதான்னு சொல்லிருவாங்க. முப்பது வருசத்துல எத்தனை பேர் என்கிட்ட, ஓட்டை போட்டா அழுக்கு வழியும், அசிங்கமா இருக்கும், அடைச்சுருங்கன்னு சொல்லியிருக்காங்க தெரியுமா? நீ எழுது. நானும் ரெண்டு எழுதுவேன்."

அவர் சொன்ன ரெண்டு இதுதான். ஒண்ணு, பாதி வேலையில வீட்டுக்காரர் செலவைக் குறைக்க எதையும் மாத்தச் சொல்லக்கூடாது, மாத்தினா இஞ்சினியர் கையெழுத்து வேணும். ரெண்டு, சுவர் ஓரத்துல ரெண்டாயிரம் லிட்டர் தண்ணி டேங்க் வெக்கக்கூடாது, குளிக்கிற தண்ணியையும் கூரைத் தண்ணியையும் அந்த மண்ணுல விடக்கூடாது.

அப்பா டேங்க் வாங்கி, அதே இடத்துல வெக்கத் திட்டம் போட்டிருந்தது அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. ரெண்டாயிரம் லிட்டர்னா ரெண்டு டன். டிசைன்ல இல்லாத ரெண்டு டன்.

அந்தப் பத்திரத்தாள்ல நாங்க எழுதினது:

1. இஞ்சினியர் வரைபடம் ஒப்பந்தத்தோட ஒரு பகுதி. கல், சிமெண்ட், அடி அகலம், ஓட்டை இடைவெளி எல்லாம் அதுல இருக்கிறபடி.
2. ஜனவரியில ஆரம்பிச்சு மார்ச்சுக்குள்ள முடிக்கணும். முழு நீளத்தையும் ஒரேயடியா வெட்டக்கூடாது. மூணு மூணு மீட்டரா, ஒண்ணு விட்டு ஒண்ணு வெட்டி, கட்டி, அப்புறம்தான் அடுத்தது.
3. தோண்டின மண்ணைக் குழி விளிம்புல குவிக்கக்கூடாது. மழை பெஞ்சா குழிக்குள்ள யாரும் இறங்கக்கூடாது, அன்னிக்கும் பாதிக் கூலி உண்டு.
4. பின்னாடி மூடறதுக்கு முன்னாடி ஜல்லி அடுக்கைப் படம் எடுத்து இஞ்சினியர் பார்த்து ஓகே சொன்னாத்தான் அடுத்த தவணைப் பணம்.
5. வேலையாளுங்களுக்கு விபத்துக் காப்பீடு. பிரீமியம் எங்க செலவு.
6. ஓட்டையில வர்ற தண்ணி அக்கா வாசலுக்குப் போகாம, சுவரடியில வாய்க்கால் கட்டி ரோட்டோர ஓடையில விடணும்.
7. அஞ்சு வருஷத்துக்குள்ள சுவர் சாய்ஞ்சா, விரிஞ்சா மாமா சரி பண்ணணும். டேங்க் வெச்சா, தண்ணி விட்டா இந்தப் பொறுப்பு அவருக்கு இல்லை.
8. பத்துல ஒரு பங்கு பணம் முதல் கார்த்திகை மழை தாண்டினதும்.

மூணாவது பாயிண்டுல பாதிக் கூலிங்கிறதை எழுதச் சொன்னது மாமாதான். "கூலி போயிரும்னுதான் மழையில குழிக்குள்ள இறங்குறாங்க கண்ணு. பாதி வந்துச்சுன்னா இறங்க மாட்டாங்க"ன்னார். என் நண்பன் படிச்ச எந்தப் புத்தகத்துலயும் இது இல்லையாம்.

அப்பா கையெழுத்துப் போடும்போது முகத்தைத் தூக்கி வெச்சுட்டிருந்தார். மாமா கையெழுத்துப் போட்டுட்டு பேனாவை அவர்கிட்ட நீட்டி, "உன் டேங்க்குக்கும் சேர்த்துத்தான்டா போடறே"ன்னதும் சிரிச்சுட்டார்.

மார்ச் கடைசியில சுவர் முடிஞ்சுது. கார்த்திகையில நாலு நாள் விடாம பெஞ்சப்ப அப்பாவும் மாமாவும் குடையைப் பிடிச்சுட்டு சுவரடியில நின்னு ஓட்டைகளை எண்ணினாங்களாம். எல்லா ஓட்டையிலயும் தண்ணி வந்துச்சு, முதல் நாள் கலங்கலா, அப்புறம் தெளிவா. கீழ்வீட்டு அக்கா பதறிப்போய், "சுவரு ஒழுகுதே, விழுந்திருமா?"ன்னு கேட்டிருக்காங்க. ஒழுகலைன்னாதான்மா பயப்படணும்னு மாமா விளக்கியிருக்கார். மீதிப் பத்துல ஒரு பங்கை அடுத்த வாரமே கொடுத்தாச்சு.

டேங்க் இப்போ வீட்டுக்கு அந்தப் பக்கம் ரோட்டு மட்டத்துல இருக்கு. அதனால பைப்புக்கு நாலாயிரம் ரூபா தண்டச் செலவுன்னு அப்பா போன்ல வாராவாரம் ஒரு தடவை சொல்லிக் காட்டறார்.

மக்களே, மலைப்பக்கம் வீடு கட்டறவங்க, கட்டினவங்க யாராச்சும் இருந்தா, நாங்க எழுதாம விட்டது என்னன்னு சொல்லுங்க. அடுத்து மாமா கோத்தகிரியில ஒரு வேலைக்கு இதே பத்திரத்தை மாதிரியா வெச்சு எழுதப் போறாராம். ஏதாவது சேர்க்கணும்னா இப்பவே சேர்த்துடலாம்.